அப்பா திட்டமிட்ட கிறிஸ்துமஸ்

நம் வயதுக்காரர்களுக்குத்தான் இதைச் சொல்கிறேன். முட்டிவலித் தைலம் மணக்க மணக்கக் கோயிலில் மின்விசிறிக்குக் கீழே இடம் தேடுகிறவர்கள், மாடி வீட்டில் ஜெபக்கூட்டம் என்றால் தலைவலி என்று சொல்லிவிடுகிறவர்கள், உங்களுக்குச் சொன்னால் புரியும்.

போன மாதம் எங்கள் சபை வாலிபர்கள் ஒரு திட்டத்தோடு வந்தார்கள். இந்த வருடம் கிறிஸ்துமஸுக்கு ஃபிளெக்ஸ் பேனர் கிடையாது. குடில் ஜோடிக்கத் தெர்மாகோல் கிடையாது. ஆராதனை முடிந்து கொடுக்கிற காப்பிக்குக் காகிதக் கப் கிடையாது. எவர்சில்வர் தம்ளர்தான், கழுவுவதற்கு முறை போட்டுக்கொள்ளலாம். வெடி அறவே இல்லை. வாலிபர் சங்கச் செயலாளர் ஒரு வங்கியில் வேலை பார்க்கிறவர், கல்யாணமாகிக் கைக்குழந்தை இருக்கிறது. அந்தக் குழந்தை மூச்சு விடப்போகிற காற்றைப் பற்றிப் பேசினார். நன்றாகவே பேசினார். எல்லோரும் கை தூக்கினோம், நானும் தூக்கினேன். நல்ல திட்டம்தான், அதில் எனக்கு இன்றும் சந்தேகம் இல்லை.

வீட்டுக்கு வந்து வெந்நீரில் காலை வைத்துக்கொண்டு உட்கார்ந்தபோது அப்பா ஞாபகம் வந்தது. சங்கரன்கோவிலில் இப்படி ஒரு கிறிஸ்துமஸை முதன்முதலில் திட்டம் போட்டவர் எனக்குத் தெரிந்து அவர்தான். நான் அப்போது ஏழாம் வகுப்பு.

அப்பா பள்ளிக்கூடத்தில் அறிவியல் ஆசிரியர், சபையில் கமிட்டி உறுப்பினர். அந்த வருடம் ஐப்பசி மழை ஏமாற்றிவிட்டது. கரிசல் காடு பாளம் பாளமாக வெடித்துக் கிடந்தது. கரிவலம்வந்தநல்லூரிலிருந்து படிக்க வரும் பிள்ளைகளின் கால் முட்டிவரை கறுப்புப் புழுதி. அதோடு இன்னொன்றும் நடந்தது. திருவேங்கடத்துக்கு வடக்கே ஒரு பயர் ஆபீஸில் விபத்து. வெடி செய்கிற ஆலையை எங்கள் பக்கம் பயர் ஆபீஸ் என்போம், தீப்பெட்டி செய்கிற இடம் தீப்பெட்டி ஆபீஸ். கேட்டால் மேசை நாற்காலி போட்ட இடம் என்று தோன்றும். அந்தத் தடவை ஒரு அறை முழுக்கப் போய்விட்டது. இறந்துபோன பெண்களில் ஒருத்தியை எங்கள் கல்லறைத் தோட்டத்துக்குக் கொண்டுவந்தார்கள். போய்வந்த அப்பா சட்டையைக் கழற்றாமல் கிணற்றடியில் வெகுநேரம் உட்கார்ந்திருந்தார். சவப்பெட்டியைத் திறக்கவே இல்லை என்று அம்மாவிடம் அவர் சொன்னது எனக்குக் கேட்டது.

அடுத்து வந்த சபைக் கூட்டத்தில் எழுந்து நின்றார்.

"இயேசு சாமி பொறந்த நாளுக்கு நாம வாங்குத ஒவ்வொரு சாமானும் எங்கருந்து வருது, யாரு கைய வருத்தி வருதுன்னு ஒரு தடவ யோசிப்போம். யோசிச்சிட்டு வாங்குவோம். அவ்வளவுதான் கேக்கேன்."

போதகருக்குப் பிடித்துப்போயிற்று. பெட்டிக்கடை வைத்திருந்த அண்ணாச்சி ஒருவர் மட்டும், "சார்வா, யோசிச்சா உப்புக்கூட வாங்க முடியாது" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். ஆனால் தீர்மானம் நிறைவேறிவிட்டது. வெடி கிடையாது. மரம் வெட்டக் கூடாது. ஜோடனைக்குக் கடையில் எதுவும் வாங்கக் கூடாது.

தீர்மானம் சபைக்கு. அமல் எங்கள் வீட்டில்தான் முதலில்.

வருடா வருடம் ஒரு சவுக்குக் கிளையை வெட்டி வந்து மண் நிரப்பிய வாளியில் நட்டு வைப்போம். அந்த வருடம் அப்பா காட்டிலிருந்து ஒரு காய்ந்த உடைமுள் கிளையை இழுத்துக்கொண்டு வந்தார். ஏற்கனவே செத்த மரம், யாருக்கும் நஷ்டமில்லை என்றார். அம்மா பருத்திக்காட்டில் பொறுக்கிய கொட்டைப் பருத்தியை ஒவ்வொரு முள்ளிலும் செருகினாள். விளக்கை வைத்தபோது நான் பார்த்தேயிராத பனி பெய்தது போல் இருந்தது. தம்பி அதைத் தொடப்போய்க் கையைக் கிழித்துக்கொண்டு அழுதான். அந்த முள் மரம் போல அழகான கிறிஸ்துமஸ் மரத்தை அதற்குப் பிறகு நான் எந்தக் கடையிலும் பார்க்கவில்லை.

நட்சத்திரத்துக்கு மூங்கில் சிம்பு கட்டிவிட்டார். ஒட்டுவதற்குத் தாள்? பழைய விடைத்தாள்கள் கட்டுக் கட்டாகப் பரணில் கிடந்தன. வீணாகக் கிடக்கிறதுதானே என்று அவற்றை ஒட்டி, மஞ்சள் கரைத்துப் பூசி, உள்ளே பல்பை மாட்டி வாசலில் தொங்கவிட்டார். விளக்கெரிந்ததும் சிவப்பு மையில் போட்ட மார்க்கெல்லாம் துல்லியமாகத் தெரிந்தது. வடக்கு முனையில் ஒரு பெரிய முட்டை. தெருவில் போன ஒரு பத்தாம் வகுப்பு அண்ணன் நின்று அண்ணாந்து பார்த்துவிட்டு, "ஐயோ, இது என் பேப்பரு" என்று ஓடிப்போனான். அப்பா அன்றே பெயர் தெரிந்த இடங்களில் எல்லாம் இன்னொரு தாளை ஒட்டினார். முட்டைக்கு மேலும் ஒட்டினார். அது அப்படியும் லேசாகத் தெரிந்துகொண்டுதான் இருந்தது.

துணியைப் பெரிய ஜவுளிக்கடையில் எடுக்கக் கூடாது, நம் ஊர்த் தறிக்காரரிடம்தான் எடுக்க வேண்டும் என்பது அவருடைய இன்னொரு முடிவு. எந்நேரமும் தறிச் சத்தம் கேட்கிற தெருவுக்குப் போய் ஒரு முழுப் பீஸ் கட்டம் போட்ட துணி வாங்கி வந்தார். அதில் எனக்குப் பாவாடை, தம்பிக்குச் சட்டை, அப்பாவுக்குச் சட்டை. மிஞ்சியதில் ஜன்னல் திரை.

அம்மா எங்களை வரிசையாக நிறுத்திப் பார்த்தாள். "ஜன்னல் பக்கத்துல மட்டும் போய் நிக்காதீங்க. ஆள் இருக்கதே தெரியல" என்றாள். அப்பாவும் சேர்ந்துதான் சிரித்தார். அந்த டிசம்பர் முழுவதும் அவர் அவ்வளவு சந்தோஷமாக இருந்தார்.

இனி என் தோழியைப் பற்றிச் சொல்ல வேண்டும்.

வகுப்பில் எனக்குப் பக்கத்து இடம் அவளுடையது. கணக்கில் என்னைவிட வேகம். அவளுடைய அப்பா கேரளத்துக்கு வேலைக்குப் போனவர் திரும்பவில்லை. அம்மா பயர் ஆபீஸுக்குப் போய்க்கொண்டிருந்தாள். விபத்து நடந்தது அல்ல, அதே பக்கம் இன்னொன்று. அங்கே சரவெடி பின்னுகிற வேலை. ஞாயிற்றுக்கிழமை கோயிலில் எனக்கு முன் வரிசையில் அந்த அம்மா கை கூப்பும்போது விரல் நுனிகள் ஈயம் பூசினாற்போல் மினுங்கும். எவ்வளவு தேய்த்தாலும் போகாதாம்.

ஒரு மாலையில் அப்பா என்னையும் கூட்டிக்கொண்டு அவர்கள் வீட்டுக்குப் போனார். ஊருக்கு மேற்கே, புளியங்குடி பஸ் போகிற சாலையை ஒட்டி ஒரே அறை. தோழியின் அம்மா அப்போதுதான் வேலை முடிந்து வந்திருந்தாள். கந்தக வாடை வீட்டுக்குள் நின்றது.

"நீங்க அந்த வேலைய விட்டுரணும்மா" என்றார் அப்பா.

"விட்டுட்டு, சார்?"

"ஸ்கூல் ஹாஸ்டல்ல சமையலுக்கு ஆள் வேணும். மேனேஜர்ட்ட பேசியிருக்கேன். லீவு முடிஞ்சதும் நீங்க அங்க சேரலாம்."

"இப்ப சீசன் நேரம் சார். நடுவுல நின்னா அப்புறம் சேக்க மாட்டாங்க."

"திரும்பப் போகவே வேண்டாம்னுதான சொல்லுதேன். அந்தப் பெட்டிய நான் பாத்தேம்மா. உங்க பிள்ள அப்படி ஒரு பெட்டியப் பாக்கக் கூடாது."

அவள் மகளைப் பார்த்தாள். மகள் என்னைப் பார்த்தாள். "ஏட்டி, சாருக்குத் தண்ணி கொண்டா" என்றாள் தாய். அதற்குச் சம்மதம் என்று பொருள் வைத்துக்கொண்டார் அப்பா. மறு வாரமே அவள் வேலையை விட்டுவிட்டாள். சார் சொன்னால் சரியாகத்தான் இருக்கும் என்று ஊரில் பாதிப் பேர் நினைத்த காலம் அது. அவளும் நினைத்தாள்.

கிறிஸ்துமஸுக்கு முந்தின ஞாயிறு. அறிவிப்பு வாசிக்கும்போது அப்பா மேடையேறி, நம் சகோதரி ஒருவர் அந்த அபாயமான தொழிலைவிட்டு வெளியே வந்திருக்கிறார், அவருக்காக ஸ்தோத்திரம் செய்வோம் என்று சொல்லி அவளை எழுந்து நிற்கச் சொன்னார். அவள் எழுந்தாள். போதகர் ஜெபித்தார், நீண்ட ஜெபம். அக்கினியிலிருந்து பறிக்கப்பட்ட கொள்ளி என்றெல்லாம் சொன்னார். பிறகு ஒரு பாட்டுப் பாடினோம். எனக்குப் பெருமையாக இருந்தது, எல்லாம் என் அப்பா செய்தது என்று. தோழி மட்டும் பாட்டுப் புத்தகத்தைத் திறக்கவில்லை.

வீட்டுக்கு வரும் வழியில் அம்மா கேட்டாள். "அவள எதுக்கு எந்திரிச்சு நிக்கச் சொன்னிய?"

"கௌரவப்படுத்துனேன்."

"முந்தானையக் கடிச்சிட்டு நின்னா. கௌரவப்பட்டவ அப்படியா நிப்பா?"

அப்பா நடையை எட்டிப் போட்டார்.

கிறிஸ்துமஸ் விடியல் வந்தது. அதற்கு முந்தின வருடங்களில் அந்த நேரத்தில் தெருவெல்லாம் வெடித்துக்கொண்டிருக்கும். கோயிலுக்குள் புகை வந்து பாடகர் குழு இருமும். அந்த வருடம் இருட்டில் நடந்து போகிறவர்களின் செருப்புச் சத்தம் கேட்டது. குளிர்ந்த மண்ணின் வாசனையும் மல்லிகைப்பூ வாசனையும் தனித்தனியாக வந்தன. மணி அடித்தபோது அதன் கடைசி முனகல் வரை கேட்டது. அப்பா கோயில் வாசலில் நின்று என் தோளைப் பிடித்து, "கேளு மக்கா, எவ்வளவு அமைதியா இருக்கு" என்றார். அது நிஜம். அப்படியொரு அமைதியான கிறிஸ்துமஸை நான் அதன்பின் கேட்கவில்லை. இதைச் சொல்லாமல் விட்டால் அப்பாவுக்கு நான் அநியாயம் செய்தவளாவேன்.

பள்ளிக்கூடம் திறந்தது. என் பக்கத்து இடம் காலியாக இருந்தது.

காய்ச்சலாக இருக்கும் என்றார் அப்பா. மறுநாளும் வரவில்லை. அந்த வாரக் கடைசியில் அம்மா என்னை விடியற்காலையில் பால் வாங்க அனுப்பினாள். மெயின் ரோட்டில் தீப்பெட்டி ஆபீஸ் வேன் நின்றது. விடிவதற்குள் ஊர் ஊராகப் போய்ப் பிள்ளைகளை ஏற்றிக்கொண்டு போகிற வேன் அது. பின்பக்கம் நெருக்கியடித்து உட்கார்ந்திருந்த பிள்ளைகளுக்கு நடுவே என் தோழி. கிறிஸ்துமஸுக்கு எடுத்த பாவாடையைக் கட்டியிருந்தாள். என்னைப் பார்த்ததும் மடியிலிருந்த தூக்குச்சட்டியை உயர்த்திக் காட்டிச் சிரித்தாள், சுற்றுலா போகிறவள் மாதிரி. வேன் போய்விட்டது.

அப்பா முகச்சவரம் செய்துகொண்டிருந்தார். நான் சொன்னதும் கை நின்றது. பாதி முகத்தில் சோப்போடு கொஞ்சநேரம் கண்ணாடியைப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நடந்தது இதுதான். ஹாஸ்டல் மேனேஜர் அப்பாவிடம் சொன்ன வார்த்தை 'பார்க்கலாம்'. நம் ஊரில் அந்தச் சொல்லுக்கு என்ன அர்த்தம் என்று எந்தக் குழந்தைக்கும் தெரியும். மாப்பிள்ளை வீட்டார் சொன்னால் தெரியும், கடைக்காரர் சொன்னால் தெரியும். அப்பாவுக்கு மட்டும் தெரியவில்லை. அவர் யாரிடமாவது பார்க்கலாம் என்று சொன்னால் நிஜமாகவே பார்ப்பார். பஞ்சத்தால் ஊருக்குப் போன ஹாஸ்டல் பிள்ளைகளில் பாதிப் பேர் திரும்பவில்லை. இருக்கிற சமையல்காரருக்கே வேலை இல்லை. தோழியின் அம்மா இரண்டு தடவை ஹாஸ்டல் வாசலில் போய் நின்றிருக்கிறாள். பிறகு பயர் ஆபீஸுக்குப் போய்க் கேட்டிருக்கிறாள். சீசனில் விட்டுப் போனவளுக்கு இடமில்லை என்று சொல்லிவிட்டார்கள். வீட்டில் உலை வைக்க வழியில்லை. தீப்பெட்டி ஆபீஸில் பெரியவர்களைவிடச் சின்ன விரல்களுக்குத்தான் கிராக்கி.

அப்பா அவர்கள் வீட்டுக்குப் போனபோது நானும் போனேன். அவள் திட்டுவாள் என்று நினைத்துப் பயந்துகொண்டே போனேன். அவள் திட்டவில்லை.

"நீங்க நல்லதுக்குத்தான சார் சொன்னிய" என்றாள்.

அப்பா வாசல் நிலையைப் பிடித்துக்கொண்டார். திட்டியிருந்தால் அவருக்குச் சுலபமாக இருந்திருக்கும் என்று இப்போது தோன்றுகிறது.

"நீங்க ஏம்மா என்ட்ட வந்து சொல்லல?"

"கோயில்ல அத்தன பேருக்கு முன்னால ஸ்தோத்திரம் பண்ணிட்டிய. அதுக்கப்புறம் நான் போயி வேல இல்லன்னு எப்படிச் சொல்ல?"

அன்று அப்பா சாப்பிடவில்லை. அடுத்த சனிக்கிழமை வெள்ளைச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டார். பயர் ஆபீஸுக்குப் போகிறேன் என்றார். அம்மா என்னைப் பார்த்து, "நீயும் கூடப் போட்டி" என்றாள். பிறகு அடுக்களைக்குள் வைத்து மெதுவாகச் சொன்னாள், "தனியா விட்டா கேட்டு வாசல்லயே நின்னுட்டு வந்துருவாவ. புள்ள கூட இருந்தா உள்ள போவாவ."

திருவேங்கடம் போகிற டவுன் பஸ்ஸில் ஏறி, அங்கிருந்து இன்னொரு பஸ், பிறகு காட்டுக்குள் நடை. மரமே இல்லாத கரிசலில் தகரக் கதவு போட்ட சின்னச் சின்ன அறைகள், ஒன்றுக்கொன்று தள்ளித் தள்ளி. தரையெல்லாம் அலுமினியப் பொடி படிந்து சாம்பல் நிறம். பெண்கள் வெறுங்காலோடு நடந்தார்கள். யாரும் சத்தமாகப் பேசவில்லை. கேட்டில் எங்கள் செருப்பைக் கழற்றச் சொன்னார்கள். அப்பாவின் சட்டைப்பையைத் தடவித் தீப்பெட்டி இருக்கிறதா என்று பார்த்தார்கள்.

போர்மேன் நடுவயதுக்காரர். அப்பா யாரென்று சொன்னதுமே அவருக்குத் தெரிந்துவிட்டது.

"வெடிய பாவம்னு கோயில்ல பேசுன சாரு நீங்கதானா?"

"ஆமா."

"இங்கன வேல பாக்க பிள்ளைய எல்லாம் சொல்லிச் சிரிச்சிது. இப்ப என்ன வேணும்?"

அப்பா தோழியின் அம்மாவைப் பற்றிச் சொன்னார். அவர் குரல் வகுப்பறைக் குரலாக இல்லை. நான் தரையையே பார்த்துக்கொண்டிருந்தேன். என் பாதங்கள் அதற்குள் வெள்ளியாகியிருந்தன.

"அப்ப வெடி பாவமில்லன்னு ஆயிப்போச்சா சார்?"

"பாவம்னுதான் இன்னைக்கும் நெனைக்கேன்" என்றார் அப்பா. "அத அந்தம்மா தலையில எறக்கி வச்சது நான். அதுக்குத்தான் வந்திருக்கேன்."

போர்மேன் அவரை ஒரு நிமிஷம் பார்த்தார். பொய் சொல்லி இரண்டு நல்ல வார்த்தை பேசியிருக்கலாமே இந்த மனுஷன் என்று நினைத்தாரோ என்னவோ. கடைசியில், "திங்கக்கெழம வரச் சொல்லுங்க" என்றார். அப்பா கை கூப்பினார். போர்மேன் இன்னும் ஒன்று சொன்னார்: "பெரிசா நெனைக்காதீங்க. கல்யாண சீசன் வருது, பின்னுத கை எங்களுக்கும் வேணும். நீங்க வராட்டியும் நாங்களே கூப்பிட்டிருப்போம்."

நாங்கள் திரும்பி நடக்க ஆரம்பித்த பிறகு அப்பா நின்றார். "ஒரு ரூமுக்கு எத்தன பேர உக்கார வைக்கிய?" என்று கேட்டார்.

"சார், வந்த காரியம் முடிஞ்சிதுல்லா" என்றார் போர்மேன். கோபமாகச் சொல்லவில்லை.

பஸ்ஸில் அப்பா ஜன்னல் பக்கம் முகத்தை வைத்துக்கொண்டார். எதிரே உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் எலுமிச்சம்பழக் கூடையை மடியில் வைத்திருந்தாள். அந்த வாசனை அன்றைக்குப் பிடிக்கவே இல்லை. இறங்குவதற்கு முன் அப்பா என்னிடம், "நாம போகாம இருந்திருந்தாலும் கூப்பிட்டிருப்பாங்களாம்" என்றார். சிரிக்க முயன்றார்.

தோழி பள்ளிக்குத் திரும்பினாள். கொஞ்சநாள் அவள் விரல்களில் தீக்குச்சி மெழுகு வாடை அடித்தது. விட்டுப்போன பாடங்களை அப்பா அவளுக்குச் சாயங்காலங்களில் சொல்லிக் கொடுத்தார். கணக்கை மட்டும் அவளே போட்டுக்கொண்டாள். அவளுடைய அம்மா இன்னும் பல வருடங்கள் அந்த வேலைக்குப் போனாள். மகள் நர்ஸ் படிப்பு முடித்து வேலைக்குச் சேர்ந்த பிறகு, யாரும் சொல்லாமல், ஒரு நாள் தானாகவே நிறுத்திக்கொண்டாள். கடைசி வரைக்கும் அவள் கைக்கு எதுவும் ஆகவில்லை. அது யாருடைய புண்ணியமும் இல்லை, அப்படி அமைந்தது.

அப்பா அதற்குப் பிறகு சபையில் திட்டம் எதுவும் போடவில்லை. எங்கள் வீட்டில் வெடி வாங்கியதும் இல்லை. யாராவது தெருவில் வெடித்தால் சங்கடத்தோடு எழுந்து உள்ளே போய்விடுவார். தம்பி வளர்ந்த பிறகு, அப்பா ஒரு தோல்விக்குப் பயந்து நல்ல காரியத்தையே விட்டுவிட்டார் என்று வாதாடுவான். அதிலும் நியாயம் இருக்கிறது. அந்த அமைதியான விடியல் தொடர்ந்திருக்கலாம். அந்த அம்மாவை எழுந்து நிற்கச் சொல்லாமலும் தொடர்ந்திருக்கலாம். இரண்டையும் பிரித்துப் பார்க்க அப்பாவுக்கு அன்று தெம்பில்லை.

இதையெல்லாம் வாலிபர் சங்கச் செயலாளரிடம் சொன்னேன். உங்கள் திட்டத்தை மாற்ற வேண்டாம், நம் சபையில் இன்றைக்கும் பயர் ஆபீஸுக்குப் போகிறவர்கள் இருக்கிறார்களா என்று மட்டும் விசாரியுங்கள் என்றேன். அவருக்கு அது தெரிந்திருக்கவில்லை. விசாரித்தால் மூன்று வீடு இருந்தது. போய்ப் பார்ப்போம் என்றார். மோட்டார் சைக்கிளில் நான் ஏற மாட்டேன், ஆட்டோ பிடித்தோம்.

முதல் வீட்டில் ஆள் இல்லை. இரண்டாவது வீட்டில், "எல்லாம் பெரியவங்க பாத்துச் செஞ்சா சரிதான்" என்று சொல்லிக் கதவைப் பாதி சாத்திக்கொண்டார்கள். மூன்றாவது வீட்டில் ஒரு பெண், முப்பது வயதிருக்கும், வாசலில் துணி துவைத்துக்கொண்டிருந்தாள். செயலாளர் திட்டத்தை முதலிலிருந்து சொன்னார். கப், பேனர், வெடி. அவள் ஈரக் கையோடு நின்று முழுவதையும் கேட்டாள்.

"வெடி வேண்டாம்னா நல்லதுதாண்ணே. எங்க கம்பெனி லோடெல்லாம் வடநாட்டுக்குப் போகுது. நம்ம கோயில்ல போடாததால எங்களுக்கு ஒண்ணும் கொறையப் போறதில்ல."

செயலாளருக்கு மூச்சு வந்தது. புறப்படலாம் என்பது போல என்னைப் பார்த்தார். அவள் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டே, "ஒண்ணே ஒண்ணு" என்றாள்.

"சொல்லுங்க."

"அன்னைக்கு எங்க பேரச் சொல்லி ஜெபம் பண்ணிராதீங்க."

அவர் வாயைத் திறந்து, எதையோ விளக்க வந்தவர், நிறுத்திக்கொண்டார். பிறகு, "பண்ண மாட்டோம்" என்றார்.

அவள் எங்கள் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள். உள்ளே போய் இரண்டு நாற்காலிகளை எடுத்து வந்து வேப்பமர நிழலில் போட்டாள். "வெயில்ல நின்னுட்டே இருக்கிய, உக்காருங்க. காப்பி போடுதேன்" என்றாள்.